தானுந்துப் புகை வெளியேற்ற அமைப்பு

தானுந்துப் புகை வெளியேற்ற அமைப்பு என்பது, காரின் பொறிக்குள் எரிபொருள் எரிந்த பின் எஞ்சும் சூடான வளிமங்களைத் திரட்டி, அவற்றின் நச்சுத்தன்மையைக் குறைத்து, ஓசையைத் தணித்து, பயணிகளை எட்டாதவாறு வண்டியின் பின்புறம் கொண்டு சென்று வெளியேற்றும் உறுப்புகளின் தொகுதி ஆகும். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இத்தொகுதி முழுவதையும் சைலன்சர் என்றே குறிப்பிடுவர். உண்மையில் சைலன்சர், அதாவது ஒலியடக்கி, இத்தொகுதியின் உறுப்புகளுள் ஒன்று மட்டுமே.

இப்பெயர் வழக்கால், சத்தம் கூடினால்தான் பழுது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் இவ்வமைப்பில் ஏற்படும் மிகவும் கேடான பழுது சத்தம் தராமலும் இருக்கலாம். வெளியேறும் வளிமங்களுள் ஒன்றான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிறு ஓட்டை வழியாக அது காருக்குள் புகுந்தால், உள்ளே இருப்பவர் அதனை அறியாமலேயே மயங்கக்கூடும். ஆகவே இவ்வமைப்பைப் பராமரிப்பது வண்டியின் ஆயுளுக்கும் சுற்றுச்சூழலுக்கும் மட்டுமன்றி, பயணிகளின் உயிருக்கும் தொடர்புடையது.

ஈரம், குறுந்தொலைவு ஓட்டம், மலையேற்றம், நெரிசலில் நின்றபடி ஓடும் பொறி ஆகிய நான்கும் இவ்வமைப்புக்குச் சோதனையானவை. இந்நான்கும் ஒருங்கே அமைந்த இடத்துக்கு, தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள வடகரை, செங்கோட்டை, குற்றாலம் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

வெளியேறும் வளிமங்கள்

பெட்ரோலும் டீசலும் பெரும்பாலும் ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த ஹைட்ரோகார்பன்களால் ஆனவை. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் முழுமையாக எரிந்தால் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் மட்டுமே உண்டாகும். பெட்ரோல் பொறியின் புகையில் பெரும்பகுதி, எரிதலில் பங்கு கொள்ளாமல் அப்படியே வெளிவரும் நைட்ரஜன் ஆகும். அடுத்த நிலையில் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் உள்ளன.

எரிதல் ஒருபோதும் முழுமையாக நிகழ்வதில்லை. அதனால் மூன்று வகையான நச்சு வளிமங்கள் சிறிதளவு உண்டாகின்றன. அவையாவன:

- கார்பன் மோனாக்சைடு: ஆக்சிஜன் போதாத இடத்தில் கார்பன் அரைகுறையாக எரிவதால் உண்டாவது.
- ஹைட்ரோகார்பன்கள்: எரியாமலே வெளியேறும் எரிபொருள்.
- நைட்ரஜன் ஆக்சைடுகள்: பொறிக்குள் நிலவும் மிகுந்த வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்வதால் உண்டாவது.

டீசல் பொறிகளில் இவற்றுடன் கரித்துகள்களும் சேர்கின்றன.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கார்பன் டைஆக்சைடும், ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரும் உண்டாகின்றன. காலையில் பொறியை இயக்கியதும் குழாயின் முனையிலிருந்து நீர் சொட்டுவது இதனால்தான். இது பழுது அன்று. ஆயினும் இந்நீரே பின்னர் குழாயைத் துருப்பிடிக்கச் செய்யும் முதற்காரணமாகவும் அமைகின்றது.

உறுப்புகள்

பொறியிலிருந்து பின்புறம் நோக்கிச் செல்லும் வரிசையில் முதன்மையான உறுப்புகள் பின்வருமாறு அமைகின்றன.

மேனிபோல்டு என்பது பொறியின் ஒவ்வோர் உருளையிலிருந்தும் வரும் புகையை ஒரே குழாயில் சேர்க்கும் கிளைக்குழாய் ஆகும். இது வார்ப்பிரும்பாலோ துருவேறா எஃகாலோ செய்யப்படுகிறது. பொறிக்கும் இதற்கும் இடையே கேஸ்கெட் எனப்படும் கசிவுத் தடுப்புத் தகடு வைக்கப்படும்.

ஆக்சிஜன் உணரி புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனின் அளவை அறிந்து, பொறியைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு மின்குறிப்பாக அனுப்புகிறது.

வினையூக்க மாற்றி நச்சு வளிமங்களை வேதிவினை மூலம் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. இதற்குப் பின்னாலும் பொதுவாக ஓர் ஆக்சிஜன் உணரி உண்டு.

நெளிகுழாய் பொறியின் அதிர்வு பின்னுள்ள குழாய்களுக்குப் பரவாமல் காக்கிறது. இது கம்பி வலை போர்த்தப்பட்ட, வளையக்கூடிய பகுதியாகும்.

ஒலியடக்கி ஓசையைக் குறைக்கும் உலோகப் பேழை ஆகும். பல கார்களில் நடுவில் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு இருக்கும்.

வால்குழாய் புகையை வெளிவிடும் கடைசிக் குழாய் ஆகும்.

இவை அனைத்தும் காரின் அடித்தளத்தில் ரப்பர் தொங்கிகளால் தாங்கப்படுகின்றன. குழாய்களின் வெப்பம் தரைவிரிப்புக்கும் எரிபொருள் தொட்டிக்கும் செல்லாதபடி மெல்லிய வெப்பத் தடுப்புத் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும்.

இயங்கும் முறை

புகையின் ஓட்டம்

நான்கு வீச்சுப் பொறியில் கடைசி வீச்சே வெளியேற்ற வீச்சு ஆகும். அப்போது வெளியேற்று வால்வு திறந்திருக்க, மேல்நோக்கி வரும் உந்துதண்டு எரிந்த வளிமத்தை மேனிபோல்டுக்குள் தள்ளுகிறது. புகை தொடர்ச்சியாக ஓடுவதில்லை. அது துடிப்பு துடிப்பாகவே வெளியேறுகிறது. நான்கு உருளைப் பொறி ஒன்று நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது ஒவ்வோர் உருளையும் 1500 முறை புகையை வெளித்தள்ளும். நான்கும் சேர்ந்து நிமிடத்துக்கு 6000 துடிப்புகள், அதாவது நொடிக்கு 100 துடிப்புகள் ஆகும். காரின் உறுமலாக நாம் கேட்பது இத்துடிப்புகளையே.

புகை செல்லும் வழி அடைபட்டால் எதிர் அழுத்தம் கூடுகிறது. பழைய புகை முழுவதும் வெளியேறாததால் புதிய காற்று உள்ளே வர இடம் குறைகிறது. இதனால் பொறியின் ஆற்றல் குறைந்து எரிபொருள் செலவு கூடுகிறது. செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு நோக்கி ஏறும் மலைச்சாலையில், சமவெளியில் நன்றாக ஓடிய கார் திணறுமானால் ஆராயவேண்டிய காரணங்களுள் அடைபட்ட வினையூக்க மாற்றியும் ஒன்று.

நச்சு நீக்கம்

வினையூக்க மாற்றியின் உள்ளே தேன்கூடு போன்ற சுட்டமண் கட்டி ஒன்று உள்ளது. இதன் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் பல பத்துத் துளைகள் இருக்கும். துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மிக மெல்லிய படலமாகப் பூசப்பட்டுள்ளன. ஒரு காருக்குச் சில கிராம் அளவே தேவைப்படுகிறது. இவ்வுலோகங்கள் வேதிவினையை விரைவுபடுத்துகின்றன. ஆனால் தாம் செலவாவதில்லை.

பெட்ரோல் கார்களில் உள்ளது மும்முனை மாற்றி எனப்படும். இதில் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆக்சிஜனை இழந்து நைட்ரஜனாக மாறுகின்றன. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைப் பெற்றுக் கார்பன் டைஆக்சைடாக மாறுகிறது. ஹைட்ரோகார்பன்கள் கார்பன் டைஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் நடைபெற, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற விகிதம் மாறாதிருக்க வேண்டும். ஆக்சிஜன் உணரி இந்த விகிதத்தையே இடைவிடாது கண்காணிக்கிறது.

மாற்றி ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசு வரை சூடேறிய பின்னரே சரியாகச் செயற்படும். குளிர்ந்த பொறியை இயக்கிய முதல் சில நிமிடங்களில் புகை ஏறக்குறைய அப்படியே வெளிவருகிறது. மூடிய கொட்டகையில் காரை இயக்கி நிறுத்தி வைப்பது ஆபத்தானது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஓசைத் தணிப்பு

ஒலியடக்கியினுள் சிறு அறைகளும், துளையிட்ட குழாய்களும், தடுப்புத் தகடுகளும் உள்ளன. ஒலியலைகள் இவற்றில் மோதித் திரும்புகையில் ஒன்றையொன்று ஓரளவு நீக்கிக் கொள்கின்றன. சில வகைகளில் கண்ணாடி இழை போன்ற பொருள் ஒலியை உறிஞ்சி வெப்பமாக மாற்றுகிறது. பல ஒலியடக்கிகளின் அடியில் மிகச் சிறிய துளை ஒன்று இருக்கும். இது உள்ளே தேங்கும் நீர் வடிவதற்காகவே இடப்பட்டது. ஓட்டை என்று கருதி இதனைப் பற்றவைத்து அடைத்துவிட்டால், நீர் உள்ளேயே தங்கி ஒலியடக்கி விரைவில் அரித்துப் போகும்.

டீசல் கார்கள்

டீசல் புகையில் ஆக்சிஜன் மிகுதியாக இருப்பதால் மும்முனை மாற்றி அதற்குப் பொருந்தாது. அதற்கு ஆக்சிஜனேற்ற மாற்றியும், கரித்துகள்களைப் பிடிக்கும் துகள் வடிகட்டியும் பயன்படுகின்றன. வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் காரே எரித்துத் தூய்மைப்படுத்திக் கொள்ளும். சில வண்டிகளில் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க யூரியாக் கரைசல் தெளிக்கப்படுகிறது.

இத்தூய்மைப்பாட்டுக்குத் தடையற்ற சீரான ஓட்டம் தேவை. குற்றால சீசனில் அருவிகளுக்குச் செல்லும் சாலையில் நெடுநேரம் நின்று நகரும் டீசல் காரில், போதிய வெப்பம் கிடைக்காமல் வடிகட்டி அடைபடலாம். வடிகட்டிக்குரிய எச்சரிக்கை விளக்கு எரிந்தால், காரின் கையேடு கூறும் வேகத்தில் திறந்த நெடுஞ்சாலையில் சிறிது நேரம் ஓட்டவேண்டும். அதன்பின்னும் விளக்கு அணையாவிட்டால் பணிமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வரலாறு

தானுந்துப் புகைக்கான வினையூக்க மாற்றியைப் பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பொறியாளர் யூஜின் ஊட்ரி 1950களில் உருவாக்கினார். அக்காலப் பெட்ரோலில் ஈயம் கலக்கப்பட்டிருந்தது. ஈயம் மாற்றியின் உலோகப் படலத்தை மூடிச் செயலிழக்கச் செய்ததால் அது உடனே பரவவில்லை. 1975 முதல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த கார்களில் மாற்றி பரவலாகப் பொருத்தப்பட்டது. ஆக்சிஜன் உணரியை போஷ் நிறுவனம் உருவாக்க, 1976இல் வால்வோ நிறுவனத்தின் காரில் அது முதன்முதலில் பயன்படுத்தப்பட்டது.

இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்க மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. அந்நகரங்களில் ஈயமற்ற பெட்ரோலும் அவ்வாண்டே விற்பனைக்கு வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் விலக்கப்பட்டது. உலக அளவில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் இதனைக் கைவிட்டது.

இந்தியச் சட்டங்களும் தரநிலைகளும்

இந்தியாவில் புகை அளவுக்கான தரநிலைகள் பாரத் ஸ்டேஜ் என்ற பெயரில் வழங்குகின்றன. பாரத் ஸ்டேஜ் 4 தரம் 2017 ஏப்ரல் 1 முதலும், பாரத் ஸ்டேஜ் 6 தரம் 2020 ஏப்ரல் 1 முதலும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாம் நிலை நடைமுறைப்படுத்தப்படாமல் விடப்பட்டது. ஆறாம் நிலைக்குரிய எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. நான்காம் நிலையில் அது 50 பங்காக இருந்தது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இவ்வமைப்பைப் பற்றிய பல விதிகள் உள்ளன. அவற்றுள் சில:

- விதி 112: புகை கீழ்நோக்கியோ வண்டியின் இடப்புறமாகவோ வெளியேறக் கூடாது. பின்புறமாகவோ வலப்புறமாகவோ வெளியேற வேண்டும். இந்தியாவில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்வதால், இடப்புறம் வெளியேறும் புகை நடந்து செல்பவர்கள் மீது படும்.
- விதி 113: புகைக்குழாய்க்கும் எரிபொருள் செல்லும் குழாய்க்கும் இடையே குறைந்தது 35 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.
- விதி 115: புகையின் அளவு வரையறைகளும் புகைச் சான்றிதழும் பற்றியது.
- விதி 120: ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் ஒலியடக்கி பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

முதற்பதிவு செய்து ஓராண்டு முடிந்த வண்டிகள் புகைச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பாரத் ஸ்டேஜ் 4 முதலான தரத்தில் உள்ள வண்டிகளுக்கு இது ஓராண்டும், பழைய வண்டிகளுக்கு ஆறு மாதமும் செல்லும். பாரத் ஸ்டேஜ் 4 தரப் பெட்ரோல் கார் நின்றபடி ஓடுகையில் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது. ஓட்டுநர்கள் இச்சோதனையை ஒரு சடங்காகக் கருதுவதுண்டு. ஆனால் தாளில் அச்சாகும் இந்த எண், வினையூக்க மாற்றி வேலை செய்கிறதா என்பதை உரிமையாளருக்கு உணர்த்தும் எளிய அளவீடாகும். சென்ற முறையைவிட எண் வெகுவாக உயர்ந்திருந்தால், வரம்புக்குள் இருப்பினும் காரணத்தைத் தேடவேண்டும்.

பழுதடையும் வழிகள்

துரு

வடகரை, செங்கோட்டை வட்டாரத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவருகிறது. சூன் முதல் ஆகஸ்டு வரை சாலைகள் அடிக்கடி ஈரமாகவே இருக்கும். இதனால் குழாய்கள் வெளிப்புறம் துருப்பிடிக்கின்றன. எனினும் உட்புறத் துருவே பெரும்பாலும் முந்திக் கொள்கிறது.

புகையிலுள்ள நீராவி குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகிறது. அதில் கார்பன் டைஆக்சைடும், சிறிதளவு கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரைந்து மெல்லிய அமிலமாகின்றன. பொறியிலிருந்து தொலைவில் இருப்பதால் பின்புற ஒலியடக்கி சூடேற அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. வடகரையிலிருந்து அச்சன்புதூருக்கோ பண்பொழிக்கோ சென்று உடனே திரும்பும் காரில், உள்ளே தேங்கிய நீர் ஆவியாகுமுன் பொறி நிறுத்தப்படுகிறது. நாள்தோறும் இவ்வாறு ஓடும் கார், நெடுந்தொலைவு ஓடும் காரைவிட ஒலியடக்கியை விரைவில் இழக்கக்கூடும். மாதத்தில் சில முறையேனும் தொடர்ந்து அரைமணி நேரம் ஓட்டுவது உள்ளிருக்கும் நீரை உலர்த்த உதவும்.

அடிபடுதல்

மேக்கரை, அச்சன்கோவில் போன்ற மலைப்பகுதிகளுக்குச் செல்லும் வழிகளில் கற்களும், ஊர்களில் உயரமான வேகத்தடைகளும் காரின் அடிப்பகுதியைத் தாக்கக்கூடும். ரப்பர் தொங்கி ஒன்று அறுந்தால் அதன் சுமை மற்றவற்றின் மீது ஏறும். விரைவில் குழாயின் இணைப்பு விரிசல் விடும். சிறு விலையுள்ள தொங்கியை மாற்றாமல் விடுவதால் முழுக் குழாயையும் மாற்ற நேரிடுவது உண்டு.

பொறிக் கோளாறுகள்

தீப்பொறிச் செருகி பழுதடைந்து எரிபொருள் எரியாமல் வெளியேறினால், அது வினையூக்க மாற்றிக்குள் சென்று எரியும். அவ்வெப்பத்தில் உள்ளிருக்கும் தேன்கூட்டுக் கட்டி உருகி வழியை அடைத்துவிடும். பொறி எண்ணெயை எரிக்கும் பழைய கார்களில், எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ் படிந்து மாற்றியைச் செயலிழக்கச் செய்கிறது. உணரிக்கு முன்னால் குழாயில் விரிசல் இருந்தால், துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆக்சிஜன் மிகுந்துள்ளது என உணரி தவறாகக் கணித்து, தேவைக்கு மேல் எரிபொருள் செலுத்தச் செய்யும். எனவே சிறு விரிசல் ஒன்று எரிபொருளை வீணாக்குவதுடன், விலை மிகுந்த மாற்றியையும் கெடுக்க வல்லது.

வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் மிகக் கனமழை பெய்தது. இத்தகைய வெள்ளத்தில் நின்ற கார்களின் வால்குழாய் வழியாக நீரும் சேறும் உள்ளே செல்லக்கூடும். பொறிக்குள் நீர் புகுந்திருந்தால், இயக்க முயலும்போது உந்துதண்டை இணைக்கும் கம்பிகள் வளைந்து பொறியே பாழாகலாம். ஆகவே நீரில் மூழ்கிய காரை இயக்கிப் பார்க்காமல், இழுவை வண்டியில் பணிமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். மேலும், சுடுகின்ற மாற்றி குளிர்ந்த ஆழமான நீரில் திடீரென மூழ்கினால் உள்ளிருக்கும் சுட்டமண் கட்டி வெடிப்புறலாம்.

கார்பன் மோனாக்சைடு நச்சு

குருதியிலுள்ள ஹீமோகுளோபின் உடலெங்கும் ஆக்சிஜனைக் கொண்டு செல்கிறது. கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாக ஹீமோகுளோபினுடன் பிணைகிறது. அதனால் மூச்சு இயல்பாக நடந்துகொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் ஆக்சிஜன் இன்றி வாடுகின்றன. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு ஆகியவை தொடக்க அறிகுறிகள். நீண்ட பயணத்தின் களைப்பு என்றோ மலைச்சாலை வளைவுகளால் வந்த குமட்டல் என்றோ இவற்றை எளிதில் தவறாக எண்ணிவிடலாம். உறங்குபவர் எந்த அறிகுறியையும் உணர்வதில்லை.

காற்றில் இந்த வளிமம் 0.16 விழுக்காடு இருந்தாலே ஓரிரு மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து நேரலாம். மாற்றி சூடேறாத அல்லது பழுதான பெட்ரோல் காரின் புகையில் இது பல மடங்கு மிகுதியாக இருக்கக்கூடும்.

குற்றால சீசனிலும், கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைப் பயணிகள் செங்கோட்டை வழியாகச் செல்லும் காலத்திலும், ஓட்டுநர்களும் பயணிகளும் காருக்குள்ளேயே உறங்குவது வழக்கம். மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றி, குளிரூட்டிக்காகப் பொறியை ஓடவிட்டு உறங்குவதே இதில் மிகவும் ஆபத்தானது. கார் நின்ற இடத்திலேயே ஓடும்போது புகை அதனைச் சுற்றியே தேங்குகிறது. குழாயில் ஓட்டையோ அடித்தளத்தில் துருத் துளையோ இருந்தால் அது உள்ளே புகுகிறது. குளிரூட்டியை உட்காற்றுச் சுழற்சியில் வைப்பது இதற்குப் பாதுகாப்பு ஆகாது. உள்ளே நுழைந்த நச்சு வெளியேறாமல் அது தடுத்துவிடும். வால்குழாய் சேற்று மேட்டையோ சுவரையோ ஒட்டி நின்றால் ஆபத்து மேலும் கூடும்.

ஓடும் வண்டியிலும் இதற்கு இடமுண்டு. சரக்கு நீட்டிக்கொண்டிருப்பதால் பின்கதவைத் திறந்தபடி செல்லும் வேன்களிலும் ஜீப்புகளிலும், பின்புறம் உண்டாகும் காற்றழுத்தக் குறைவு புகையை உள்ளே இழுக்கிறது.

ஒருவர் மயங்கியிருப்பதாக ஐயம் எழுந்தால் செய்யவேண்டியவை:

- கதவுகளைத் திறந்து பொறியை நிறுத்துதல்.
- அவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டு வருதல்.
- 108 அவசர ஊர்தியை அழைத்தல். ஆக்சிஜன் கொடுப்பதே முதன்மையான மருத்துவம் ஆகும்.
- மூச்சு நின்றிருந்தால் பயிற்சி பெற்றவர் செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் அளித்தல்.
- தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுதல்.

பராமரிப்பு

இவ்வமைப்பு காரின் அடியில் மறைந்திருப்பதால் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு சர்வீசின்போதும் காரை உயர்த்திக் கீழ்க்கண்டவற்றைப் பார்க்கச் சொல்வது போதுமானது.

- குழாய்களிலும் ஒலியடக்கியிலும் துரு, துளை, விரிசல்
- இணைப்புகளில் கரிய படிவு. கேஸ்கெட் கசிவதை இது காட்டும்.
- ரப்பர் தொங்கிகளின் வெடிப்பு
- வெப்பத் தடுப்புத் தகடுகளின் தளர்ச்சி
- காரின் அடித்தளத்தில் துருத் துளைகளும், விலகிய ரப்பர் அடைப்புகளும்
- பின்கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையின் நிலை

தென்காசி வட்டாரம் போன்ற சாரல் பகுதிகளில் இச்சோதனையை மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் செய்வது நல்லது. சூடான குழாயைத் தொடுதல் தீக்காயம் விளைவிக்கும். எனவே பொறி நன்கு ஆறிய பின்னரே சோதிக்க வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் ஒருபோதும் செல்லக்கூடாது.

அறிகுறிகளும் காரணங்களும்

- உறுமல் கூடுதல்: குழாயிலோ ஒலியடக்கியிலோ ஓட்டை
- பொறி குளிர்ந்திருக்கும்போது மட்டும் டிக் டிக் என்ற ஒலி: மேனிபோல்டில் விரிசல் அல்லது கேஸ்கெட் கசிவு
- தகரம் அதிரும் ஒலி: தளர்ந்த வெப்பத் தடுப்புத் தகடு, அல்லது மாற்றிக்குள் உடைந்த கட்டி
- அழுகிய முட்டை நாற்றம்: மாற்றிக் கோளாறு அல்லது எரிபொருள் மிகுதி
- தொடர்ந்து கருப்புப் புகை: எரிபொருள் மிகுதி அல்லது காற்று வடிகட்டி அடைப்பு
- தொடர்ந்து நீலப் புகை: பொறி எண்ணெய் எரிதல்
- சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை: குளிர்விப்பு நீர் பொறிக்குள் கசிதல்
- மலையேறும்போது இழுவை குறைதல்: மாற்றி அல்லது வடிகட்டி அடைப்பு
- காருக்குள் புகை நாற்றம், பயணிகளுக்குத் தலைவலி: உடனே கண்ணாடிகளைத் திறந்து, வண்டியை நிறுத்தி இறங்கவேண்டிய நிலை

தவிர்க்க வேண்டியவை

சத்தம் கம்பீரமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக ஒலியடக்கியின் உட்பகுதியை நீக்குவதும், இழுவை கூடும் என்ற நம்பிக்கையில் மாற்றியைக் கழற்றி வெற்றுக் குழாய் வைப்பதும் ஆங்காங்கே நடைபெறுகின்றன. இன்றைய கார்களின் கணினி, மாற்றியும் உணரிகளும் இருப்பதாகக் கொண்டே எரிபொருளை அளவிடுகிறது. ஆகவே இம்மாற்றங்களால் எதிர்பார்த்த பயன் கிடைப்பதில்லை. எச்சரிக்கை விளக்கு எரியும், புகைச் சோதனையில் வண்டி தேறாது, சட்டப்படியும் இது குற்றமாகும்.

துருத் துளையைத் தகரமும் பசையும் கொண்டு அடைப்பது பணிமனை சேரும் வரையிலான ஏற்பாடு மட்டுமே. ஒரு துளை விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள தகடும் மெலிந்தே இருக்கும். எனவே அப்பகுதியை மாற்றுவதே நிலையான தீர்வு.

கோடையில் மலையடிவாரத்தின் உலர்ந்த புல்மீதோ சருகுகள்மீதோ ஓடி வந்த காரை நிறுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டும். மாற்றியின் வெப்பத்தால் அவை தீப்பற்றி, காருக்கும் காட்டுக்கும் கேடு விளையலாம்.

காருக்குள் இளைப்பாற வேண்டியவர் பொறியை நிறுத்தி, கண்ணாடிகளைச் சிறிது இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும். நன்கு பராமரிக்கப்பட்ட புதிய காருக்கும் இது பொருந்தும். புகை வெளியேற்ற அமைப்பு நஞ்சைக் குறைக்கிறதேயன்றி முற்றிலும் நீக்குவதில்லை.